டிராயிங் மாஸ்டர் நகர்த்தச் சொன்ன புள்ளி

எனக்கு வட்டம் போட வராது. கணிதத்தில் பி.ஏ.யும் அதன்மேல் வாத்தியார் பயிற்சிக்கான எல்.டி.யும் வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் வட்டங்களைப் பற்றியே வருஷக்கணக்காகப் பேசிச் சம்பளம் வாங்கியவன் இப்படிச் சொல்வது அழகில்லைதான். ஆனால் உண்மை. போர்டுக்கென்று இருந்த அந்தப் பெரிய மரக் காம்பஸை நான் கையில் எடுத்தால் ஒரு கால் என் பேச்சைக் கேட்கும், மற்றது கேட்காது. என் வட்டம் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பையன்கள் அதைத் தோசை என்றார்கள். தோசை வார்க்கிற பெண்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள்.

அதே காம்பஸ் எங்கள் டிராயிங் மாஸ்டர் கைக்குப் போனால் வேறு பிறவி எடுத்துவிடும். காலை மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே அவர் வந்துவிடுவார். போர்டை ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, அது காய்கிறவரை வாசற்படியில் குந்திக்கொண்டு சாக்பீஸ் நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்குவார். காம்பஸ் ஆணி வழுக்காமலிருக்கக் கட்டைவிரலால் மையத்தில் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே சுற்று. கோடு வந்து சேர்ந்தபின் அது எங்கே கிளம்பியது என்று அவருக்கே அடையாளம் சொல்ல முடியாது. மணி அடித்தபிறகு நான் நிதானமாக வருவேன். எனக்கு வேண்டிய வட்டமும் முக்கோணமும் தயாராக நிற்கும். அவற்றின்மேல் பிரம்பை நீட்டிப் பாடம் நடத்துவேன். மூன்று வருஷம் இப்படி நடந்தது. இதற்காக அவருக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. பந்தியில் உட்கார்ந்தவன் சமையற்கட்டை எட்டிப் பார்த்து நன்றி சொல்வதில்லையே.

எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு மேஜைகள் இருந்தன. மின்விசிறி இல்லாத காலம், ஜன்னல்தான் அந்தஸ்து. ஜன்னலோரத்து மேஜை பட்டதாரிகளுக்கு. சுவரோரத்து மேஜையில் தமிழ்ப் பண்டிதர், டிரில் மாஸ்டர், டிராயிங் மாஸ்டர். அவர் கூமாப்பட்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். படிப்பு மூன்றாவது பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை. அதற்குமேல் டிராயிங்கில் சர்க்கார் பரீட்சை தேறியவர். மனைவி உள்ளூரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி எட்டு வருஷம், இவர் எங்கெங்கோ தற்காலிக வேலை பார்த்துவிட்டு, கடைசியில் மனைவி இருக்கும் ஊருக்கே வந்து சேர்ந்திருந்தார். இங்கேயும் தற்காலிகம்தான். ஆனால் அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை விழுந்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். விழாவிட்டால் கோடை விடுமுறையோடு சரி.

"நெலச்சிருச்சுன்னா போதும் சார்," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். "ரெண்டு ஊருல ரெண்டு அடுப்பு எரிச்சு சலிச்சுப்போச்சு. ஒரே அடுப்புல சாப்பிட்டுக் கெடந்தா அம்புட்டும் சரியாயிரும்."

அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு நான் ஐந்தாவது பாரத்தில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. சாதாரண ஆசிரியனாக இருந்தால் புத்தகத்தில் உள்ளதை நடத்தித் தப்பித்திருப்பான். நான் சாதாரண ஆசிரியன் இல்லை என்று எனக்கு அப்போது ஓர் எண்ணம் இருந்தது. புத்தகத்தில் ஒரு பழைய ரைடர் உண்டு. தேற்றங்களை வைத்துப் பையன்கள் தாங்களே நிரூபிக்க வேண்டிய கணக்குகளை அப்படித்தான் சொல்வோம். படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம்: ஒரு முக்கோணம், இரண்டு வட்டம், அவ்வளவே. முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் போகிற ஒரு பெரிய வட்டம். அதற்குள்ளே ஒரு சின்ன வட்டம். அது முக்கோணத்தின் உச்சி வழியாகப் போய், அடிக்கோட்டை ஒரு புள்ளியில் உரசிக்கொண்டு திரும்புகிறது. உச்சிக்கோணத்தைச் சரிபாதியாக்கும் கோடு அடிக்கோட்டில் எங்கே வந்து விழுகிறதோ அங்கே அந்தப் புள்ளியை வைத்தால், சின்ன வட்டம் பெரிய வட்டத்தை உச்சியில் தொடும். வெட்டாது, விலகாது, ஒரே ஒரு புள்ளியில் தொடும்.

இதை நான் திருத்தி அழகுபடுத்தினேன். கோணத்தின் பாதி எதற்கு? அடிக்கோட்டின் பாதியில், நட்டநடுவில், புள்ளியை வைத்தால் என்ன? வைத்தேன். நிரூபணமும் எழுதினேன், அரைப் பக்கத்தில் கச்சிதமாக முடிந்தது. வீட்டில் ஒரு காகிதத்தில் கிறுக்கிய படத்தில் வட்டங்கள் தொட்டன. என் முக்கோணம் ஏறக்குறைய இருசமபக்கமாக அமைந்துவிட்டதையும், என் வட்டங்கள் எதையும் தொடக்கூடியவை என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கென்று ஒரு ரைடர் பிறந்துவிட்ட சந்தோஷத்தில் அதைச் சீட்டில் எழுதி மாஸ்டரிடம் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனன்று காலையில் நான் சலவை வேட்டியும் கோட்டுமாக உள்ளே நுழைந்தபோது அவர் போர்டின் முன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை சாக்பீஸ் தூள்.

"சார், இது தொட மாட்டேங்கு."

"எது?"

"சின்ன வட்டந்தான். உச்சிக்கிட்ட கால் அங்குலம் வெளிய பிதுங்குது. மூணு மட்டம் அழிச்சுப் போட்டுட்டேன்."

"காம்பஸ் ஆடுதா பாருங்க."

"காம்பஸ் ஆடல சார். முக்கோணத்த நான் ரெண்டு பக்கமும் சமமில்லாம ஒருச்சாச்சுப் போட்டேன், எல்லாத்துக்கும் பொதுவா இருக்கணும்னு. அதுல தொடல. ஆனா இந்தப் புள்ளியச் செத்த இங்கிட்டு, குட்டப் பக்கத்தப் பாத்து ஒரு விரக்கடை நகட்டுனா தொடுது. நகட்டட்டுமா?"

"புள்ளி நடுவுலதான் இருக்கணும். அதுதான் ரைடரே."

அவர் இன்னொரு தடவை போர்டைப் பார்த்தார். பிறகு, எதிர்த்துப் பேசுகிற மாதிரி தோன்றக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வட்டம் தொட்டுக்கிட்டு இருந்தா, ரெண்டு மையமும் தொடுத எடமும் ஒரே நேர்கோட்டுல வரணும்னு நீங்கதான பிள்ளைகளுக்குச் சொல்லுவிய? இங்கன ரெண்டு மையமும் அடிக்கோட்டு நடுவுலேருந்து நட்டமா நிக்க கோட்டுல இருக்கு. உச்சி அந்தக் கோட்டுல இல்ல. மூணு அங்குலம் தள்ளிக் கெடக்கு. பொறவு எப்படி சார் உச்சியில தொடும்?"

இதைவிடச் சுத்தமான நிரூபணத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மூன்றாவது பாரம் படித்த மனிதர், என் பாடத்தையே ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டு, அதை வைத்தே என் ரைடரை நாலு வாக்கியத்தில் அடக்கம் செய்துவிட்டார். அது என் காதில் விழுந்தது. மூளைக்குள் போகவில்லை. வாசலில் பி.ஏ. நின்றுகொண்டிருந்தது.

"மாஸ்டர், நீங்க படம் போடுங்க. தொடுமா தொடாதான்னு நிரூபணம் சொல்லும். என்கிட்ட நிரூபணம் இருக்கு. சாக்பீஸைப் படுக்கப் போட்டு உச்சியில கொஞ்சம் தடிமனா இழுத்து விடுங்க. பின்பெஞ்சுக்காரனுக்குத் தொட்ட மாதிரி இருந்தாப் போதும்."

"தொட்ட மாதிரியா சார்?"

"மணியாச்சு மாஸ்டர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும், சாக்பீஸைப் படுக்கப் போட்டு இழுத்தார். ஹெட்மாஸ்டரிடம் தன்னைப் பற்றி ஒரு பட்டதாரி சொல்லும் வார்த்தைக்கு அந்த மாதத்தில் என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பாடம் பிரமாதமாக நடந்தது. இங்கிலீஷில் நான் நிரூபணத்தை முடித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. இன்ஸ்பெக்டர் இலக்கியம் படித்தவர். கணக்கு அவருக்கு ஆகாது. ஆனால் கண் கூர்மை. எழுந்து போர்டின் அருகில் போனார். தலைப்பாகை போர்டில் இடிக்கிற அளவு நெருங்கிப் பார்த்தார். கோடு எல்லா இடத்திலும் மயிரிழையாக இருக்க, உச்சியில் மட்டும் ஏன் விரல் தடிமன் என்று கேட்டார். நான் ஏதோ முனகினேன். அவரே மரக் காம்பஸை எடுத்து, சின்ன வட்டத்தின் மையத்தில் ஆணியை ஊன்றிச் சுற்றினார். காம்பஸ் வெள்ளைத் தழும்பைத் தாண்டி, பெரிய வட்டத்துக்கு வெளியே போய், மறுபடி உள்ளே வந்தது. வகுப்பில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

"இந்தப் படத்தை யார் போட்டது?"

அடுத்த பாடம் டிராயிங். அதற்காக மாஸ்டர் சுருட்டிய படங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். நான் சொன்னதும் ஒரு வாக்கியம்தான்: "டிராயிங் மாஸ்டர் சார்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் சொல்லாமலே ஒரு மனிதனைக் கெடுக்க முடியும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதற்கும் ஒரு பட்டம் கொடுக்கலாம்.

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். உண்மையில் ஒரு மூச்சு விடும் நேரம் இருந்திருக்கும். "ஆமாங்கய்யா, நாந்தான் போட்டேன்," என்றார்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, நிரூபணத்தை நல்ல காகிதத்தில் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஏழாவது வரியில் பேனா நின்றது. அதற்கு முந்தின வரியில் இரண்டு பெருக்குத்தொகைகள் சமம் என்று சரியாக நிறுவியிருந்தேன். ஏழாவது வரியில் அவற்றை இரண்டு விகிதங்கள் சமம் என்று எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தேன். பெருக்கல் இருந்த இடத்தில் வகுத்தல். இந்தத் தப்பைச் செய்ததற்காகப் பையன்களை நான் பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேன். மாஸ்டர் காலையில் சொன்ன நாலு வாக்கியமும் அப்போதுதான், ஒவ்வொன்றாக, உள்ளே வந்து உட்கார்ந்தன.

ரிப்போர்ட் வந்தது. படங்கள் துல்லியமாக இல்லை, டிராயிங்குக்குத் தகுதியான ஆளை நியமிக்க வேண்டும் என்றிருந்தது. என் பாடத்துக்குப் பாராட்டு. விடுமுறைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. ஹெட்மாஸ்டர் அறை என் வகுப்பிலிருந்து பதினைந்து அடி. போயிருக்கலாம். போகாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ரிப்போர்ட்டை மாற்ற முடியாது என்பது ஒன்று. பையன்களுக்கு ஆசிரியர்மேல் மதிப்புப் போய்விடும் என்பது இன்னொன்று. கல்வியின் நலனுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. நான் ஒருவன் நம்பினேன். மாஸ்டரோ வழக்கம்போல் காலையில் வந்து என் வகுப்புக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

இடையில் ஒருநாள் அவர் மனைவி, டீச்சரம்மா, எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அவிய வீட்டுல வாயே தொறக்க மாட்டேங்காவ. அன்னைக்கு என்னதான் தப்பாப் போட்டாவ?"

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க டீச்சரம்மா. கை கொஞ்சம் பிசகிருச்சு."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவிய கை பிசகாதே சார்."

காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். எனக்கு வேறென்ன தெரியும்?

கோடை விடுமுறையோடு அவர் வேலை முடிந்தது. ராஜபாளையத்தில் மில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே நூல் பேல் கட்டுகள்மேல் நம்பரும் மார்க்கும் எழுதுகிற வேலைக்குப் போனார். ஏழெட்டு மைல்தான். ஆனால் மில் சங்கு விடியுமுன்னே ஊதும். யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியைத் தின்று ஓட ஆரம்பித்தபிறகு அவை போய்ச் சேருவது அவற்றின் இஷ்டம். ஆகவே மில் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து, வேதக்கோயிலுக்குப் போய்த் திரும்பினார். மறுபடியும் இரண்டு ஊர், இரண்டு அடுப்பு. நான் உதவித் தலைமையாசிரியன் ஆனேன்.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தபோது அவரே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கறுப்பு மை நகக்கண் வரை ஏறியிருந்தது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "சார், சௌக்கியமா? இளைச்சிட்டியளே," என்றார். மில் எஞ்சினீயர் இப்போது சக்கரங்களுக்கும் படம் போடச் சொல்கிறாராம். "பல்சக்கரம் சார். ரெண்டு சக்கரமும் தொட வேண்டிய எடத்துல தொடலன்னா மிசினே ஓடாது. தடிமனா இழுத்து மறைக்கவும் முடியாது." சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக் காட்டினார் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். எங்கள் ஊரிலேயே மிஷன் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர் வேலை காலி. மனுப் போட்டிருக்கிறார். மானேஜருக்கு அந்தப் பழைய ரிப்போர்ட் எப்படியோ தெரிந்திருக்கிறது. "நீங்க ஒரு காயிதம் குடுத்தா எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாவ சார். வார சனிக்கிழம மறுவீட்டு விருந்துக்கு வருவிய இல்ல, நானே இங்க பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன்."

எழுதினேன். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மானேஜரும் எங்கள் ஹெட்மாஸ்டரும் சாயங்காலம் சேர்ந்து உலாவுகிறவர்கள். பேனாவை எடுக்கும்போதெல்லாம் அந்த இரண்டு கைத்தடிகளும் என் கண்முன் நடந்தன. சனிக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நீள உறையை அவரிடம் கொடுத்தபோது, உள்ளே ஒன்றரைப் பக்கம் இருந்தது. என் இங்கிலீஷ் உரைநடையின் சிகரம் என்று சொல்லலாம். அவர் நின்றபடியே, உதட்டை அசைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார்.

"இங்கிலீஷ் ரொம்ப நல்லாருக்கு சார்."

"ஏதாவது சேக்கணுமா மாஸ்டர்?"

"யோக்கியன், நேரந்தவறாதவன், குடிக்காதவன்னு எல்லாம் எழுதிருக்கிய. அதெல்லாம் அவியளுக்கே தெரியும் சார். ரிப்போர்ட்டுல இருக்கது படம் தப்புன்னு. படம் தப்பில்லன்னு ஒரு வரி வேணும். அந்த ஒரு வரி போதும், மத்தது இல்லாட்டியும் சரி."

"அன்னைக்கே நீங்க இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லாதவன் கேள்விதான் கேட்பான்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு நின்னேன் சார்."

நான் உறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. பையில் இருந்த பேனாவைத் தொடவும் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அவர் சரி சார் என்றார். அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. நான் முண்டத் தெரியாதவன். மரம் மாதிரி நின்றேன். அவர் சட்டென்று ஓடி, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, இடம் பிடிக்கத் துண்டு போடுகிற மாதிரி, கையிலிருந்த அந்த உறையை ஓர் இருக்கையில் போட்டார். "சார், எடம் போட்டாச்சு, ஏறுங்க! ஏ, அது சாருக்கு எடம்யா!"

ஏறினேன். உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். நல்ல இடம், ஜன்னலோரம். கம்பி வழியாக உறையை அவரிடம் நீட்டினேன். "இருக்கட்டும் சார், வச்சுக்கிடுங்க," என்றார். வண்டி புகை கக்கிக் கிளம்புகிறவரை நின்றிருந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

மிஷன் பள்ளிக்கு வேறு ஆள் வந்துவிட்டார். மாஸ்டர் இன்னும் மில்லில்தான் இருக்கிறார். முழுநேரமும் மிஷின் படம் போடுகிற வேலை. சம்பளம் என்னைவிட அதிகம் என்று கேள்வி. என் குற்றத்தால் அவருக்கு நன்மைதான் விளைந்தது என்று கொஞ்சநாள் நண்பர்களிடம் கதையாகக்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர்களை மாற்றி, என்னை வேறொருவனாக்கி. நன்றாகச் சிரிப்பார்கள். டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் மற்ற நாட்களில் ஒருவருக்கும் சமைப்பது அந்தக் கதையில் வராது. இப்போது பள்ளிகளில் கணக்கைத் தமிழில் நடத்துகிறார்கள். அவர் அன்று தமிழில் சொன்ன நாலு வாக்கியத்தை யாராவது பையன் பரீட்சையில் எழுதினால் முழு மார்க் போட வேண்டியிருக்கும்.

அவர் கேட்ட வரியை எழுதிவிடுகிறேன். படம் சரி, ரைடர் தப்பு, ரைடர் என்னுடையது. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைக் காட்டிப் பெற வேண்டிய வேலை இன்று எங்கும் காலியில்லை. இதைப் படித்துவிட்டு, எவ்வளவு நேர்மையான எழுத்து என்று யாராவது எனக்குக் கார்டு போடுவார்கள். பத்திரிகையில் நான் எதை எழுதினாலும் வழக்கமாகப் போடுகிறார்கள். நான் அதை இரண்டு தரம் படிப்பேன், சந்தோஷமாக இருக்கும்.